டூல்பாத்துக்கு சாலிட்டா, கோடா? ராத்திரி ஷிஃப்ட்டை நினைத்து முடிவெடுங்கள்

டூல்பாத் என்றால் சிஎன்சி மெஷினில் கட்டர் ஓடும் பாதை. அதை 3டி மாடலான சாலிட்டிலிருந்தும் எடுக்கலாம், நாமே வரையும் கோட்டிலிருந்தும் எடுக்கலாம். எதை எப்போது என்பதுதான் கேள்வி.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் எங்கள் அடுக்குமாடித் தொழிற்கூடத்தில் பாதி யூனிட்டுகள் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தன. அந்த நேரத்தில் ஒரு வேலை வந்தது. 6061 அலுமினியம் பிளேட், 320க்கு 180, கனம் 25 மில்லி, ஆறு எண்ணம். நடுவில் பேரிங் உட்காரும் 62 மில்லி குழி, ஆழம் 16. பக்கத்தில் ஒரு பாக்கெட், சுற்றிலும் எம்6 டேப் ஓட்டைகள், அதாவது மரை போடும் ஓட்டைகள். கஸ்டமர் 3டி மாடலான ஸ்டெப் ஃபைலும் பிடிஎஃப் டிராயிங்கும் அனுப்பியிருந்தார்.

புதிதாகச் சேர்ந்திருந்த தம்பிதான் புரோகிராம் போட்டார். மாடலைத் திறந்தார், குழியின் சுவரைக் கிளிக் செய்தார், இசட் லெவலில் இறங்கிக்கொண்டே வரும் ஃபினிஷிங் பாத்தைக் கொடுத்தார். இருபத்தைந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. "சிமுலேஷன்ல எல்லாம் பச்சையா வந்திருச்சு அண்ணே." நானும் திரையை எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு எம்ஆர்டி ரயிலுக்கு நடந்தேன்.

ராத்திரி ஷிஃப்ட்டில் மெஷினை அமைத்து ஓட்டும் செட்டர், ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருபவர், போர் கேஜில் பார்த்தபோது குழி 62.004. டிராயிங்கில் 62 எச்7, அதாவது கீழே பூஜ்யம், மேலே 0.030. அளவு சரி. நாலாவது பிளேட் ஓடும்போதுதான் டிராயிங்கின் மூலையில் பொடி எழுத்தில் இருந்த குறிப்பு அவர் கண்ணில் பட்டது: ஹார்ட் அனோடைஸ் 50 மைக்ரான், எல்லா அளவுகளும் அனோடைஸுக்குப் பிறகு. அனோடைஸ் என்பது அலுமினியத்தின்மேல் வளர்க்கும் கெட்டியான ஆக்சைடு கோட்டிங். அனுபவஸ்தர். உடனே கட்டர் ஆரத்தைத் திருத்தும் டி ஆஃப்செட்டில் கழித்தல் 0.030 போட்டு ஃபினிஷிங்கை மறுபடி ஓட்டினார். குழி அசையவில்லை. மறுபடி அளந்தார், அதே 62.004. அந்தத் திருத்தத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் ஜி41 என்ற வரியே அந்தப் புரோகிராமில் இல்லை. டி நம்பரை அது படிக்கவே போவதில்லை.

எனக்கு ஒன்றேகால் மணிக்கு ஃபோன் அடித்திருக்கிறார். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். காலையில் நான் வருவதற்குள் அனோடைஸுக்கு லாரி கிளம்பிவிட்டது. திரும்பி வந்தபோது குழி 61.955. பேரிங் வாயில்கூட நுழையவில்லை. கோட்டிங்கை உரித்து, குழியை மறுபடி திறந்து, மறுபடி அனோடைஸுக்கு அனுப்பினோம். உரிக்கும்போது மற்ற அளவுகளும் கொஞ்சம் அரித்துப்போனதில் இரண்டு பிளேட் ஸ்கிராப். எங்கள் முதலாளி, தவ்க்கே, ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு பிளேட்டையும் என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

கோட்டை வைத்துப் பாத் போடுவதா, சாலிட்டை வைத்தா என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். நம் தொழிலில் இரண்டு கட்சி உண்டு. பழைய ஆட்கள், "கோடு போடத் தெரியாதவன் என்ன புரோகிராமர்" என்பார்கள். புதியவர்கள், "அதான் சாலிட் வந்திருச்சே, இன்னும் எதுக்கு கோடு" என்பார்கள். நான் கோயம்புத்தூரில் லேத்தில் ஆரம்பித்தவன், அதனால் கோட்டுக் கட்சிப் பக்கம் சாய்வு இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போது நான் முழு பார்ட்டைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த அளவை ராத்திரி மெஷின் பக்கத்தில் நிற்கிறவர் 0.01 நகர்த்த வேண்டி வருமா? வரும் என்றால், அவர் கைக்கு எட்டுகிற மாதிரி பாத் இருக்க வேண்டும்.

ஃபைலைத் திறக்கும் முன்

முதலில் டிராயிங். பிரிண்ட் எடுத்து, ஹைலைட்டரால் மூன்று விஷயங்களுக்குக் கோடு போடுவேன்: டாலரன்ஸ் உள்ள அளவுகள், கோட்டிங் குறிப்பு, டேப் ஓட்டைகள். இந்த மூன்றைப் பற்றியும் சாலிட் வாயைத் திறக்காது, திறந்தாலும் தப்பாகச் சொல்லும். பெரும்பாலும் மாடலை நாமினல் அளவில்தான் வரைந்திருப்பார்கள். 62 எச்7 என்றால் மாடலில் 62.000. 25 மைனஸ் 0.05 என்றால் மாடலில் 25.000. மாடலை நம்பி வெட்டினால் டாலரன்ஸின் ஓரத்திலேயே நிற்போம், கட்டர் கொஞ்சம் தேய்ந்தாலும் வெளியே போய்விடும்.

ஹார்ட் அனோடைஸ் கணக்கு இப்படி: கோட்டிங்கின் கனத்தில் ஏறக்குறைய பாதி உலோகத்துக்குள் போகும், பாதி வெளியே வளரும். 50 மைக்ரான் என்றால் ஒரு பக்கத்துக்கு 25, ஓட்டையின் விட்டத்தில் 50 குறையும். ஆக எங்கள் குழியை 62.050க்கும் 62.080க்கும் நடுவே வெட்டியிருக்க வேண்டும், குறி 62.065. கோட்டிங் போடுகிறவரிடம் ஒரு ஃபோன் போட்டு எவ்வளவு வளரும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அலாய் மாறினால் இது கொஞ்சம் மாறும்.

அப்புறம் ஃபைல். திறந்ததும் தெரிந்த ஒரு அளவை அளந்து பாருங்கள். 320 வர வேண்டிய இடத்தில் 12.598 என்று வந்தால் அது இஞ்ச். 2டி டிராயிங் ஃபைலான டிஎக்ஸ்எஃப்பில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். ஐஜிஇஎஸ் ஃபைல் இன்னும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் சாலிடாக வராது, தனித்தனி சர்ஃபேஸாக வரும், நடுவில் மயிரிழை இடைவெளிகளோடு. ஸ்டெப் கேளுங்கள், இல்லாவிட்டால் பாராசாலிட் கேளுங்கள். எஸ்டிஎல் கொடுத்தால் திருப்பி அனுப்புங்கள். அது முக்கோணங்களின் குவியல். வட்டம்கூட அதில் வட்டமாக இருக்காது, பலகோணமாக இருக்கும்.

கோடு எங்கே

மேல் முகத்தைச் சமமாக்கும் ஃபேஸிங், வெளிச் சுற்றை வெட்டும் காண்டூர், ஸ்லாட், தட்டையான அடி உள்ள பாக்கெட், விளிம்பைச் சரிவாக வெட்டும் சாம்ஃபர், எழுத்து பொறிப்பது. லேத்தில் பாதி ப்ரொஃபைல் கோடு இருந்தால் போதும், அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. இவற்றிலெல்லாம் கட்டர் ஒரே உயரத்தில் ஒரு பாதையைத்தான் பிடிக்கிறது. அந்தப் பாதையை நானே வைத்திருந்தால் எங்கே உள்ளே நுழைவது, எங்கே வெளியேறுவது, எந்தத் திசை என்று எல்லாம் என் கையில்.

சாலிட் விளிம்பையே நேரடியாகச் செயின் பண்ணினாலும், அதாவது தொடராகத் தேர்ந்தெடுத்தாலும், 2டி காண்டூர் வரும், ஜி41ம் வரும். அதில் தப்பில்லை, சுலபமான இடங்களில் நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் விளிம்பு எப்போதும் நமக்கு வேண்டிய பாதையாக இருக்காது. அந்த பிளேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டின் ஒரு சுவரில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை வந்து திறக்கிறது. அதனால் சுவரின் அடி விளிம்பு நேராகப் போய், ஓட்டை வந்த இடத்தில் பிறை மாதிரி மேலே ஏறி, மறுபடி இறங்குகிறது. அதைச் செயின் பண்ணினால் கட்டரும் அந்த இடத்தில் ஏறி இறங்கும். நான் இரண்டு முனைகளையும் பிடித்து ஒரே நேர்க்கோடு இழுத்துவிடுவேன். ஓட்டை எங்கே இருந்தால் என்ன, கட்டர் நேராகப் போகட்டும்.

இன்னொரு பழைய பள்ளம், இதில் எல்லோரும் ஒரு தடவையாவது விழுவார்கள். பாக்கெட்டின் மேல் விளிம்பில் 1 மில்லி சாம்ஃபர் இருக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது முதலில் தெரிவது சாம்ஃபரின் வெளி விளிம்பு. கை தானாக அதைக் கிளிக் செய்யும். பாக்கெட் பக்கத்துக்கு ஒரு மில்லி, அகலத்தில் இரண்டு மில்லி பெரிதாகிவிடும். எப்போதும் அடி விளிம்பை எடுங்கள். மாடலைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு எடுத்தால் இந்தத் தப்பு வராது. சாம்ஃபர் பாத்துக்கு மட்டும் மேல் விளிம்பு.

சாலிட்டிலிருந்து கோட்டை உரித்து எடுக்கும்போது ஒவ்வொரு வளைவையும் அனலைஸ் பண்ணிப் பாருங்கள். கண்ணுக்கு வட்டமாகத் தெரியும், உள்ளே ஸ்ப்ளைன் (வட்டமல்லாத வளைகோடு) என்று சொல்லும். அப்படியே விட்டால் போஸ்ட் பண்ணியதும், அதாவது மெஷின் புரோகிராமாக மாற்றியதும், வளைவுக்கான ஒரு ஜி02 வர வேண்டிய இடத்தில் நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டி நேர்க்கோட்டு ஜி01 வரும். மெஷின் உதறிக்கொண்டு ஓடும், சுவரில் பட்டை பட்டையாகத் தெரியும். ஸ்ப்ளைனை ஆர்க்காக மாற்றும் கட்டளை டூல்பாத் போடும் பெரும்பாலான கேம் (CAM) சாஃப்ட்வேரிலும் ஏதோ ஒரு மூலையில் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் மையமும் விட்டமும் பார்த்து நீங்களே ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். பத்து விநாடி வேலை.

கஸ்டமர் தரும் டிஎக்ஸ்எஃப் தனிக்கதை. ஒரே கோடு இரண்டு முறை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். செயின் பாதியில் நின்று எந்தப் பக்கம் போக என்று கேட்கும். டூப்ளிகேட்டை அழித்துவிட்டு ஆரம்பியுங்கள். டிராயிங்கில் அளவு எண்ணை மட்டும் மாற்றிவிட்டுக் கோட்டை மாற்றாமல் விட்ட டிஎக்ஸ்எஃப்பும் என் கைக்கு வந்திருக்கிறது. 45 என்று எழுதியிருக்கும், அளந்தால் 42.

ஜி41, அதாவது செட்டரின் கைப்பிடி

62 மில்லி குழியை இப்போது நான் எப்படிப் போடுகிறேன் என்று சொல்கிறேன். மாடலிலிருந்து குழியின் மையத்தை எடுத்து, அதில் 62.065 விட்டத்தில் நானே ஒரு வட்டம் வரைகிறேன். முதல் முரட்டு வெட்டான ரஃபிங் முடிந்து பக்கத்துக்கு 0.2 மிச்சம். ஃபினிஷிங் காண்டூரில் கட்டர் ஆரத்துக்கான காம்பென்சேஷனை வேர் (wear, தேய்மானம்) என்று வைக்கிறேன். கட்டர் ஆரத்தைக் கம்ப்யூட்டர் கழித்துவிடும், டி நம்பரில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். முதல் பிளேட்டில் செட்டர் அளக்கிறார். 62.045 என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டத்தில் 0.020 வேண்டும், ஆரத்தில் 0.010. டி வேரில் கழித்தல் 0.010 போட்டு ஃபினிஷிங்கை மட்டும் மறுபடி ஓட்டுகிறார். கட்டர் உண்மையைவிட மெலிதானது என்று மெஷின் நம்பி, சுவரை நோக்கி 0.010 நகர்ந்து வெட்டுகிறது. யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

உள்ளே நுழையும்போது ஜி41 ஒரு நேர்க்கோட்டில் தொடங்க வேண்டும். ஆர்க்கில் தொடங்கினால் ஃபானுக் கன்ட்ரோலில் 034 அலாரம். அதனால் நுழையும் பாதையான லீட்-இன்னில் முதலில் குட்டி நேர்க்கோடு, அப்புறம் வளைவு. வேர் இல்லாமல் முழுக் காம்பென்சேஷனையும் கன்ட்ரோலிடமே விடுகிறவர்கள், உள் மூலையின் ஆரம் கட்டரின் ஆரத்தைவிடச் சிறியதாக இருந்தால் 041 பார்ப்பார்கள். சில கன்ட்ரோலில் டி என்பது ஆரமாக இல்லாமல் விட்டமாக இருக்கும், செட்டிங்கைப் பார்த்து வையுங்கள். இரண்டு வகை மெஷினும் ஒரே கம்பெனியில் இருந்தால் அதைப் பெரிய எழுத்தில் எழுதி மெஷின்மேல் ஒட்டுங்கள். நாங்கள் ஒட்டியிருக்கிறோம்.

சர்ஃபேஸ் ஃபினிஷிங்கில் இந்த வசதி கிடையாது. சாலிட்டின் முகத்தைப் பிடித்து ஓடும் பாத்தில் கட்டரின் உருவம் கணக்கிலேயே கரைந்துவிடுகிறது. அளவை மாற்ற வேண்டுமானால் புரோகிராமர் திரும்பவும் ஆபரேஷனைத் திறந்து, மிச்சம் விடும் அளவான ஸ்டாக்கைக் கழித்தலில் வைத்து, போஸ்ட் பண்ண வேண்டும். ராத்திரி ஒன்றேகாலுக்கு அதை யார் செய்வது?

சாலிட் எங்கே

அடி வளைந்திருந்தால், சுவர் சாய்ந்திருந்தால், மூலையை வளைவாக்கும் ஒரு ஃபில்லட் இன்னொரு ஃபில்லட்டில் கரைந்தால், கேள்வியே இல்லை, சாலிட்தான். அங்கே கோடு வரைந்து பாத் போட முயல்கிறவர் பழைய பெருமையில் நேரத்தை வீணாக்குகிறார். உருண்டை முனையுள்ள பால் கட்டரில் ஸ்டெப்ஓவர், அதாவது அடுத்தடுத்த வரிகளின் இடைவெளி, வைக்க ஒரு சின்னக் கணக்கு மட்டும் மனதில் இருந்தால் போதும்: ஸ்டெப்ஓவரின் வர்க்கத்தைக் கட்டர் ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வரிகளுக்கு நடுவே நிற்கும் மேட்டின் உயரம். 6 மில்லி பால் கட்டர், 0.2 ஸ்டெப்ஓவர் என்றால் மேடு 0.0017. அதை 0.4 ஆக்கினால் 0.0067, நேரம் பாதி. கஸ்டமர் தொட்டுக்கூடப் பார்க்காத இடத்துக்கு 0.1 வைத்து ஆறு மணி நேரம் ஓட்டாதீர்கள்.

ஒரு பார்ட்டைச் சாய்த்து வைத்து வெட்டும் 3+2 வேலையிலும் சாலிட் வேண்டும். முகத்தைக் கிளிக் செய்தால் பிளேன் வந்துவிடும். கோணத்தைக் கையால் கணக்கிட்டு வாழ்ந்த காலம் எனக்குத் தெரியும், அதற்குத் திரும்ப ஆசையில்லை. மோதல் பார்ப்பதற்கும் சாலிட்தான், அதோடு வைஸையும் ஜாவையும் ஹோல்டரையும் வரைந்து வையுங்கள். பார்ட் மட்டும் இருக்கும் சிமுலேஷன் அழகாகத்தான் ஓடும்.

நிறைய ஓட்டைகள் உள்ள பிளேட்டில் ஓட்டைகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி மிகவும் உபயோகம். ஆனால் டேப் ஓட்டையில் கவனம். எம்6க்கு ட்ரில் 5.0 என்று நமக்குத் தெரியும். மாடலில் ஒருவர் 5.0 வரைந்திருப்பார், இன்னொருவர் உள் விட்டம் 4.917, வேறொருவர் அப்படியே 6.0. கடைசி ரகத்தை நம்பினால் 6 மில்லி ட்ரில் இறங்கும், அப்புறம் டேப் சும்மா சுற்றும், மரை பிடிக்க உலோகம் இருக்காது. அதனால் சாலிட்டிலிருந்து மையங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, விட்டமும் ஆழமும் டிராயிங்கைப் பார்த்து நாமே போடுவது உத்தமம். ட்ரில் ஆழம் வேறு, டேப் ஆழம் வேறு. மாடலில் பல சமயம் ஒன்றுதான் இருக்கும்.

ரெவிஷன் வரும்போது

கோட்டுக் கட்சிக்கு இங்கேதான் அடி விழும். கஸ்டமர் ரெவ் பி அனுப்புகிறார், பாக்கெட் 3 மில்லி நகர்ந்திருக்கிறது. புது மாடலை இறக்குமதி செய்கிறோம். சாலிட்டோடு கட்டப்பட்ட பாத்துகள் விளிம்பைக் காணவில்லை என்று சிவப்பு காட்டிக் கத்தும். எரிச்சலாக இருக்கும், ஆனால் கத்துவது நல்லது. கோட்டோடு கட்டப்பட்ட பாத் கத்தாது. கோடு பழைய இடத்திலேயே அமைதியாகக் கிடக்கும், பாத் பச்சையாகவே இருக்கும், பாக்கெட் ரெவ் ஏ இடத்தில் வெட்டுப்படும். எனக்கு இப்படி ஒரு முறை நடந்திருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு, விலை உயர்ந்த துண்டு. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

இப்போது செய்வது: ஃபைலின் அடுக்குகளில் லெவல் 10இல் பழைய மாடல், 11இல் புது மாடல், இரண்டுக்கும் வேறு நிறம், இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டி நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பேன். நிறம் எங்கே மாறித் தெரிகிறதோ, அங்கே இருக்கும் என் கோடுகளை யோசிக்காமல் முதலில் அழித்துவிடுவேன். அழித்தால் பாத் செத்துவிடும், செத்ததை மறந்துவிட்டு யாரும் போஸ்ட் பண்ண முடியாது. கோடுகளுக்கு எப்போதும் லெவல் 20, ஜாவுக்கும் கிளாம்புக்கும் 30. தம்பிக்கு இந்த எண்களைச் சொன்னபோது சிரித்தார். என் லீவில் என் ஃபைலைத் திறந்து வேலையை முடித்த அன்று சிரிக்கவில்லை.

அந்த பிளேட் மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தது, பன்னிரண்டு எண்ணம். இந்த முறையும் தம்பிதான். ஃபேஸிங், வெளி காண்டூர் இரண்டுக்கும் கோடு. பாக்கெட் ரஃபிங் சாலிட்டிலிருந்து, ஃபினிஷிங் கோட்டிலிருந்து. ஓட்டை மையங்கள் சாலிட்டிலிருந்து, ஆழம் டிராயிங்கிலிருந்து. 62 குழி 62.065 வட்டம், வேர். கடைசியில் முழுப் பாத்தையும் சாலிட்டோடு ஒப்பிட்டபோது குழி மட்டும் 0.03 கூடுதல் என்று வேறு நிறத்தில் காட்டியது. "அண்ணே, கலர் மாறி வருது" என்றார். வரட்டும் என்றேன். செட்அப் ஷீட்டில் முதல் வரியாக இதை எழுதினார்: குழி அனோடைஸுக்கு முன் 62.050–62.080, டி21 வேர், ஆரத்தில் திருத்தவும். அதன் கீழே என் ஃபோன் நம்பரையும் எழுதியிருந்தார். அன்று ராத்திரி அது அடிக்கவில்லை.